காலண்டரில் பேர் போடும் இடம்

விருதுநகர் பேருந்து நிலையத்தில் இறங்கிய இரண்டாவது நிமிடம், நான் வெடி வாங்க வந்தவள் என்று ஓர் ஆட்டோக்காரர் முடிவு கட்டிவிட்டார். கையில் பெரிய பெட்டி, வாயில் வெளியூர்த் தமிழ். அவருக்கு அது போதும். "தீபாவளிக்கு இப்பவே வந்துட்டீகளாக்கும். நல்லதுதான், சீசன்ல வந்தா நிக்க எடமிருக்காது. சிவகாசியில நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு" என்றார். பெட்டிக்குள் இருப்பது ஸ்கேனர் என்றேன். எதற்கு என்று கேட்டார். பழைய காலண்டர்களைப் படம் பிடிக்க என்றேன். கண்ணாடியில் என்னை ஒரு முறை பார்த்தவர், காஜா பாய் வீடு வரும்வரை அப்புறம் வாயே திறக்கவில்லை.

நான் பினாங்கில் பிறந்து வளர்ந்தவள். அங்கே தமிழர்களின் பழைய அச்சுத் தாள்களைச் சேர்த்து, கணினியில் படங்களாக ஏற்றிப் பாதுகாக்கும் ஒரு சிறிய காப்பகத்தில் எனக்கு வேலை. சிவகாசி அச்சகங்களுக்காக ஊர் ஊராகப் போய்க் காலண்டர் ஆர்டர் பிடித்தவர் காஜா பாய். கிள்ளான், பினாங்கு, கொழும்பு என்று கடல் தாண்டியும் அவருக்கு வாடிக்கைக் கடைகள் இருந்தன. பிடித்த ஒவ்வொரு ஆர்டரிலும் ஒரு பிரதியை எடுத்து, மாடியில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருந்தார். எங்களுக்குப் படம் பிடித்துக்கொள்ள அனுமதி கொடுத்துவிட்டார். ஒரு தாள்கூடத் தன் வாசலைத் தாண்டக் கூடாது என்பது மட்டும்தான் அவருடைய நிபந்தனை.

ஆகவே உள்ளூரிலேயே ஒருவரை அமர்த்த வேண்டியிருந்தது. ஒரு வருடம் சம்பளத்தோடு பயிற்சி, சரியாகச் செய்தால் அதன்பின் நிரந்தர வேலை. ஒரு வாரத்துக்குள் ஆளைப் பார்த்துப் பேரை அனுப்பு, இல்லையென்றால் ஸ்கேனரைக் கட்டிக்கொண்டு திரும்பு என்று எங்கள் தலைவர் சொல்லியிருந்தார். நான் வந்து சேர்ந்தது திங்கட்கிழமை. அடுத்த திங்கள் மாலைக்குள் ஒரு பேர் போயாக வேண்டும்.

முதல் நாள் வேலை எதுவும் நடக்கவில்லை, சாப்பாடுதான் நடந்தது. காஜா பாயின் மனைவி பாத்திமாம்மா, "வந்தவுக மொதல்ல சாப்பிடட்டும், காலண்டர் எங்கேயும் ஓடாது" என்று சொல்லிவிட்டார். கடையிலிருந்து எண்ணெயில் பொரித்த பரோட்டா வந்தது. எங்கள் ஊர் ரொட்டி சானாயின் சொந்தக்காரன்தான் இது, ஆனால் எண்ணெய்க்குள் முழுக்குப் போட்டு, முறுகி, கையில் எடுத்தால் நொறுங்குகிற முரட்டுச் சொந்தக்காரன். அதன்மேல் சால்னாவை ஊற்றி ஊறவிட்டுச் சாப்பிட வேண்டுமாம். நான் ஊறவிடாமல் கடித்து, மேல் அண்ணத்தில் ஒரு கீறல் வாங்கிக்கொண்டேன். வாரம் முழுக்க அது எரிந்தது. தினமும் அதையேதான் சாப்பிட்டேன்.

செவ்வாய்க்கிழமை நேர்காணல். கம்ப்யூட்டர் சென்டர்களிலும் ஒரு கல்லூரி அறிவிப்புப் பலகையிலும் முன்பே தாள் ஒட்டச் சொல்லியிருந்தேன். காலை பத்து மணிக்குப் பாயின் முன்னறை நிறைந்துவிட்டது. காரியாபட்டியிலிருந்து வந்த ஒரு பெரியவர், 'ஆவணம்' என்று போட்டிருந்ததைப் பார்த்து, தன் நிலத்துப் பட்டா விஷயமாக வந்திருந்தார். மற்றவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைக் கேட்டார்கள்: "கவர்மென்ட் வேலையா மேடம்?" இல்லை என்றதும் பாதிப் பேர் எழுந்துகொண்டார்கள். முதல் வருடம் பயிற்சி என்றதும் மீதியும் கரைந்துவிட்டது. எங்கள் ஊரிலும் இதே கதைதான், அதனால் எனக்கு வருத்தமில்லை. பயம்தான் வந்தது.

கடைசியாக ஒரு பெண் உள்ளே வந்து, உட்காரச் சொல்லியும் நின்றாள். பேர் மாரீஸ்வரி. வயது இருபத்திரண்டு. ஊர் ஆமத்தூர். அம்மாவோடு சேர்ந்து வேனில் போய்ப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தபடியே, சாயங்கால வகுப்பில் டிடிபி படித்து முடித்திருந்தாள். கொஞ்ச நாள் ஓர் அச்சகத்தில் கணினியிலும் உட்கார்ந்திருக்கிறாள். சீசன் முடிந்ததும் ஆள் குறைத்தபோது நிறுத்திவிட்டார்கள், மறுபடி பட்டாசு வேலைதான். பேசும்போது கைகளை மேசைக்குக் கீழேயே வைத்திருந்தாள். கையைப் பார்க்கலாமா என்று கேட்டேன், தாள்களைத் தொடுகிற வேலை அல்லவா. தயங்கித்தான் நீட்டினாள். நகக்கண்களில் வெள்ளிப் பொடி மினுங்கியது.

"இது தேச்சாலும் போகாது மேடம். மருந்துப் பொடி. ஒரு வாரம் வேலைக்குப் போகலைன்னா தானா போயிரும்" என்றாள்.

அந்த ஒரு வாரத்தைத்தான் அவள் கம்பெனியில் கேட்டு வாங்கியிருந்தாள். தீபாவளி ஆர்டருக்கு வேலை முடுக்கிவிடுகிற சமயம். "திங்கக்கெளம வேன்ல ஏறலைன்னா வேற ஆளைப் போட்டுருவேன்னு ஃபோர்மேன் சொல்லிட்டாரு மேடம். எனக்கு இது கெடச்சா ஏற மாட்டேன். கெடைக்கலைன்னா ஏறணும்." இவ்வளவு நேராக என்னிடம் யாரும் வேலை கேட்டதில்லை. சனிக்கிழமை வரை செய்து காட்டு, பார்க்கலாம் என்றேன்.

புதன்கிழமை காலையில் பருத்திக் கையுறை, தூசு தட்டும் தூரிகை, கோப்புக்கு எண் போடும் முறை எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்தேன். இரண்டாவது முறை சொல்லத் தேவையிருக்கவில்லை. பத்து மணிக்கு மின்சாரம் போனது. யுபிஎஸ் கத்தத் தொடங்குவதற்கு முன்பே அவள் வேலையைச் சேமித்துவிட்டு, இருந்த நேரத்தில் அடுத்த பெட்டியின் தூசைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பினாங்கில் இரண்டு வருடம் படித்துவிட்டு வரும் எங்கள் பிள்ளைகள் மின்சாரம் போனால் தேநீர் குடிக்கப் போவார்கள். என் மனதுக்குள் வேலையை அவளுக்குக் கொடுத்தாகிவிட்டது.

அந்தத் தைரியத்தில்தான் வியாழக்கிழமை அவளைத் தனியே விட்டுவிட்டு சிவகாசிக்குப் போனேன். ஆடிப் பெருக்கு அன்று அடுத்த வருடக் காலண்டர்களின் மாதிரி ஆல்பத்தை வெளியிடுவது அங்கே வழக்கம். அதற்கு முந்திய வாரம் என்பதால் பாய் சொல்லி அனுப்பிய அச்சகத்தில் நிற்கக்கூட இடமில்லை. பெண்கள் தரையில் வரிசையாக உட்கார்ந்து தாள்களை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். சாமிகள், நடிகைகள், அருவிகள், தொப்பி போட்ட குழந்தைகள். ஒவ்வொன்றின் அடியிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வெற்றுப் பட்டை.

"இதில் பேர் இல்லையே" என்றேன்.

மேலாளர் சிரித்தார். "பேரு நீங்க குடுக்கணும்மா. படம் எங்களது, பேரு பார்ட்டியோடது. ஆர்டர் வந்தப்புறம்தான் அங்கன பேரு ஏறும்" என்றார். காலண்டர் எடுக்கும் கடைக்காரருக்கு அங்கே பார்ட்டி என்று பேர். நினைவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி, தொப்பிக் குழந்தை படம் ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தார். அதைப் பைக்குள் வைத்துவிட்டு மறந்துபோனேன்.

திரும்பும்போது ரயில்வே கேட் மூடிவிட்டது. இந்தப் பக்கம் லாரிகள், அந்தப் பக்கம் பட்டாசு வேன்கள், நடுவில் வெள்ளரிப் பிஞ்சு விற்பவர்கள். பினாங்கில் படகுக்காகக் காத்திருக்கும்போது முகத்தில் காற்றாவது அடிக்கும். இங்கே லாரிப் புகைதான். ரயில் போய் கேட் திறந்ததும் இரண்டு பக்கத்து வண்டிகளும் ஒரே நேரத்தில் நடுவுக்கு வந்து நின்றுகொண்டன. "இது தெனமும் உள்ளதுதான். வெள்ளரிக்கா சாப்பிடுங்க" என்றார் பக்கத்து இருக்கைக்காரர். சாப்பிட்டேன். வீடு சேரும்போது மாரீஸ்வரி போய்விட்டிருந்தாள். வெள்ளிக்கிழமை அவள் வேகத்தைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கோப்புகளைத் திறந்து பார்க்கவில்லை. இது என் முதல் தவறு.

சனிக்கிழமை காலை திறந்தேன். ஒரே மகாலட்சுமி ஐந்து கோப்புகளில் இருந்தாள். ஒன்றையே ஐந்து தடவை ஸ்கேன் செய்துவிட்டாள் போலிருக்கிறது என்றுதான் நினைத்தேன். பெட்டியைத் திறந்து பார்த்தால் ஐந்து தனித்தனித் தாள்கள். படம் ஒன்றே, அடியில் கடைப் பேர்தான் வேறு வேறு: ஒரு நகைக்கடை, ஒரு மளிகைக்கடை, ஒரு லாரி ஆபீஸ். கணினியில் அந்தப் பேர் இருந்த இடமெல்லாம் துடைத்துவிட்டது போல வெறுமையாக இருந்தது. பின்னணி நிறம்கூடப் பிசகாமல் நிரப்பியிருந்தாள். அடுத்த கோப்பைத் திறந்தேன், அடுத்ததையும் திறந்தேன். மூன்று நாள் வேலையில் ஒரு கடையின் பேர்கூட இல்லை.

லட்சுமி படம் உலகம் முழுக்கக் கிடைக்கும். எந்த ஊரில், எந்தத் தெருவில், யார் கடை வைத்திருந்தார் என்பதுதான் வேறு எங்கும் கிடைக்காது. அந்தப் பேர்களுக்காகத்தான் நான் கடல் தாண்டி வந்திருந்தேன்.

"என்ன செய்து வைத்திருக்கிறாய்?" என்று கேட்டேன்.

"எல்லாம் ரெடி பண்ணிட்டேன் மேடம்" என்றாள் மாரீஸ்வரி. முகத்தில் அத்தனை பெருமை. "இனி எந்தப் பார்ட்டி வந்தாலும் பேரு மட்டும் போட்டா போதும்."

"எந்தப் பார்ட்டி? இதை யாரும் திரும்ப அச்சடிக்கப் போவதில்லை."

அவள் குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "அப்புறம் எதுக்கு மேடம் ஸ்கேன் பண்றோம்?"

நியாயமான கேள்வி. கையுறையைச் சொன்னேன், தூரிகையைச் சொன்னேன், எண் போடுவதைச் சொன்னேன். எதற்காக என்பதை அந்த வாரம் முழுக்க நான் அவளிடம் சொல்லவே இல்லை. ஆனால் அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. கத்தினேன். இருக்கிறதை இருக்கிறபடி வைப்பதுதான் நம்முடைய வேலை, ஒரு கறையைக்கூட மாற்றக் கூடாது, நீ பேரையே அழித்துவிட்டாய் என்றேன். "மேடம், பேரெல்லாம் தனியா..." என்று அவள் ஆரம்பித்தாள். போதும், வீட்டுக்குப் போ என்று சொல்லிவிட்டேன். கையுறைகளைக் கழற்றி, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து ஸ்கேனர்மேல் வைத்துவிட்டுப் போனாள். நகங்களில் மினுமினுப்பு போயிருந்தது.

பாத்திமாம்மா கொடுத்தனுப்பிய மதியச் சாப்பாடு அப்படியே இருந்தது. நான் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் பெட்டியிலிருந்து நானே மறுபடி ஸ்கேன் செய்யத் தொடங்கினேன். இரண்டு நாளில் முடிகிற வேலையில்லை. முடியவில்லை என்று தலைவருக்கு எழுதிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான் என்று மனதுக்குள் கடிதத்தையும் எழுதிவிட்டேன். காஜா பாய் மாடியேறி வந்து விஷயத்தைக் கேட்டார். நம்பவில்லை.

"பேரைத் தொலைச்சிருப்பாளா? இருக்காதும்மா" என்றார். "அச்சாபீஸ்ல உக்காந்து பழகுன புள்ள. பார்ட்டி பேரைத் தொலைச்சவன் இங்கன தொழிலே பண்ண முடியாது. அடுத்த வருசம் அதே கடைக்காரரு வந்து, போன தடவை போட்ட மாதிரியே போடுங்கன்னு நிப்பாருல்ல. வேற எங்கயாச்சும் வச்சிருக்கும். நல்லாத் தேடுங்க."

கணினியில் தேடினேன். நான் கொடுத்த கோப்புறைக்கு வெளியே, 'பார்ட்டி' என்ற பேரில் இன்னொன்று இருந்தது. அதற்குள் முதலில், கை வைக்காத முழு ஸ்கேன்கள், கறையோடும் மடிப்போடும், ஒன்று விடாமல் இருந்தன. பார்ட்டி சரி என்று சொல்லும்வரை மூலத்தை அழிக்கக் கூடாது என்பது அவள் படித்த பாடம். அடுத்து, பேர்ப் பட்டைகள் மட்டும் தனியே, அதே எண்களோடு. கடைசியாக ஒரு பட்டியல். கடையின் பேர், என்ன வியாபாரம், தெரு, ஊர், வருடம், என்ன படம், ஊர் வாரியாக அடுக்கப்பட்டிருந்தது. படிக்க முடியாத இடங்களில் எதையும் ஊகித்து நிரப்பாமல், 'பாய்கிட்ட கேக்கணும்' என்று தட்டியிருந்தாள்.

அந்தப் பட்டியலைத் தயாரிக்கத்தான் எங்கள் காப்பகத்தில் பயிற்சிக் காலம் முழுவதையும் ஒதுக்கியிருந்தோம். யாரும் கேட்காமல், ஸ்கேனர் ஒவ்வொரு தாளாக ஓடும் இடைவெளிகளில் அவள் அதைத் தொடங்கியிருக்கிறாள். பினாங்கு என்ற தலைப்பின் கீழ் ஏழு கடைகள் இருந்தன. அதில் ஒன்று நான் பள்ளிவிட்டு வரும் வழியில் புளிப்பு மிட்டாய் வாங்கிய கடை. கடையும் இப்போது இல்லை, அந்தக் கட்டடமும் இல்லை. வெட்கமாக இருந்தது, அதைவிட அதிகமாகச் சந்தோஷமாக இருந்தது.

ஆமத்தூரில் மாரீஸ்வரி வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மளிகைக்கடையில் போன் இருந்தது. அந்த எண்ணைத்தான் விண்ணப்பத்தில் எழுதியிருந்தாள். ஞாயிறு சாயங்காலம் மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. "கடை அடைச்சிருப்பான்" என்றார் பாய். "காலையில ஆறு மணிக்கு வேன் வந்துரும்மா. அதுக்குள்ள நீங்களே போயிருங்க."

விடியற்காலையில் சிவகாசி என்று எழுதியிருந்த முதல் பேருந்தில் தாவி ஏறினேன். ஆமத்தூருக்குச் சீட்டுக் கேட்டதும் நடத்துநர் உச்சுக்கொட்டினார். "இது எடையில எங்கயும் நிக்காதும்மா. சிவகாசிக்குச் சீட்டு வாங்கிக்கிட்டு, அங்கனயிருந்து திரும்பி வாங்க."

ஒரு பெண்ணுக்கு வேலை கொடுக்கப் போகிறேன், ஆறு மணிக்கு அவள் வேனில் ஏறிவிடுவாள் என்று இருந்த பதற்றத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். பூக்கூடையோடு முன்னால் உட்கார்ந்திருந்த அம்மாள் திரும்பினார். "ஏய்யா, வேலை குடுக்க வந்தவுகள எறக்கி விடாம எங்கிட்டுக் கூட்டிட்டுப் போற? செத்த நேரம் நிப்பாட்டுனா ஒன் வண்டி தேஞ்சா போயிரும்?" என்றார். இன்னும் இரண்டு பேர் சேர்ந்துகொண்டார்கள். நடத்துநர் யாரையும் பார்க்காமல் விசில் ஊதினார். பேருந்து ஊரைத் தாண்டித்தான் நின்றது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பி ஓடினேன். பள்ளிக்கூடப் பந்தயங்களுக்குப் பிறகு நான் ஓடியது அன்றைக்குத்தான்.

வேன் நின்றுகொண்டிருந்தது. பெண்கள் தூக்குச்சட்டிகளோடு ஏறிக்கொண்டிருந்தார்கள். மாரீஸ்வரி ஒரு காலைப் படியில் வைத்திருந்தாள்.

"தப்பு என் மேல்தான்" என்றேன், மூச்சிரைக்க. "நீ பேரையெல்லாம் பத்திரமாக எடுத்து வைத்திருப்பதைப் பார்க்காமலே கத்திவிட்டேன். என்னை மன்னித்துவிடு. அந்த வேலை உனக்குத்தான்."

மாரீஸ்வரி காலைக் கீழே வைத்தாள். "மூணாவது பெட்டியில நாலு கடைப் பேரு மட்டும் படிக்க முடியல மேடம்" என்றாள் மெதுவாக. "அழிச்சுட்டேன்னு நெனச்சுறாதீக."

அவளுடைய அம்மா பேச்சியம்மாள் ஏற்கெனவே உள்ளே உட்கார்ந்திருந்தார். இறங்கி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தார். "வாயால சொன்னது போதாதும்மா" என்றார். "புதன்கெளம குடுத்தீக, சனிக்கெளம புடுங்கிட்டீக. இன்னைக்கு இவ ஏறலைன்னா இவ எடம் போயிரும். நெசமா வேலைன்னா எழுத்துல குடுங்க. ஃபோர்மேன்கிட்ட நான் காட்டணும்."

கோபிக்க எனக்கு உரிமையில்லை. பையைத் துழாவினேன். பேனா இருந்தது. தாள் என்று இருந்தது சிவகாசியில் கொடுத்த தொப்பிக் குழந்தை மட்டும்தான். வேனின் முன்பக்கத்தில் அதை விரித்துப் பிடிக்க, ஓட்டுநர் ஒரு முனையை அழுத்திக்கொண்டார். அடியிலிருந்த வெற்றுப் பட்டையில் கொட்டை எழுத்தில் எழுதினேன்: மாரீஸ்வரி, மின்னாவணப் பயிற்சிப் பணியாளர், ஆமத்தூர். அதன் கீழே பணி இன்று தொடங்குகிறது என்று எழுதி, தேதி போட்டு, கையெழுத்தும் போட்டேன்.

மாரீஸ்வரி குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். "சென்டர்ல வரல மேடம். கொஞ்சம் இடது பக்கமாப் போயிருச்சு" என்றாள்.

"வேறு தாளில் சரியாக எழுதித் தரட்டுமா?"

"வேணாம். இருக்கிறபடியே இருக்கட்டும்."

பேச்சியம்மாள் தன் தூக்குச்சட்டி மூடியிலிருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றினார். காலண்டரைச் சுருட்டுவது போலவே அந்தத் தாளைச் சுருட்டி, வளையத்தைப் போட்டுக் கையில் எடுத்துக்கொண்டார். மகளைப் பார்த்து, "மத்தியானம் சாப்பிட்டுரு" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏறினார். ஓட்டுநர் கதவைச் சாத்தினார்.

நாங்கள் இரண்டு பேரும் விருதுநகர் போகும் பேருந்துக்காகச் சாலையைக் கடந்தோம். வேன் எங்களைத் தாண்டிப் போகும்போது பார்த்தேன். சுருளை அதற்குள் பிரித்துவிட்டிருந்தார்கள். நான்கு பெண்கள் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டிருக்க, ஒருத்தி விரல் வைத்து மாரீஸ்வரியின் பேரை மற்றவர்களுக்குப் படித்துக் காட்டிக்கொண்டிருந்தாள்.